கேம் திறக்கவில்லையா? அழித்து மறுபடி இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பிளே பட்டனை அழுத்துகிறீர்கள். மவுஸ் குறி ஒரு நொடி சுழன்றுவிட்டு நின்றுவிடுகிறது. திரையில் எதுவும் வரவில்லை. பலரும் உடனே கேமை அழித்துவிட்டு முழுதாக மறுபடி இறக்கத் தொடங்கிவிடுவார்கள். 80 ஜிபி டேட்டா காலி, ஒரு ராத்திரி காலி. விடிந்து பார்த்தால் கேம் அதே இடத்தில் அதே மாதிரி நிற்கும். கோளாறு பெரும்பாலும் கேமின் ஃபோல்டருக்கு வெளியேதான் இருக்கும். கிராபிக்ஸ் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்), விண்டோஸில் இருக்க வேண்டிய துணை லைப்ரரிகள் (பல நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் ஃபைல்கள்), ஆன்டிவைரஸ், பழைய செட்டிங்ஸ் ஃபைல் என்று இவற்றில் எதையும் மறு இன்ஸ்டால் சரியாகத் தொடுவதில்லை. எனவே அதைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானவை. கேம் வாங்கும் இணையக் கடைக்கு ஸ்டீமை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எபிக், எக்ஸ்பாக்ஸ் ஆப் ஆகியவற்றிலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் பத்து நிமிடம்

கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் உள்நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்து வைக்கப்படும். சிக்கிக்கொண்ட டிரைவரும் அதே சிக்கலோடு திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். முந்தைய முயற்சியில் திறந்த கேம் திரையில் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். பல கேம்கள் ஒரு நேரத்தில் ஒரு பிரதிதான் ஓட அனுமதிக்கும். இரண்டாவது வந்தவுடன் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். அந்தப் பழைய பிரதியை ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து முடியுங்கள். ஸ்டீமில் பிளே பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்டாப்’ என்று இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. இப்படித் தொங்கி நிற்கும் நேரமும் விளையாடிய நேரக் கணக்கில் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்; ரீஃபண்ட் கேட்கும்போது இது முக்கியமாகும்.

கணினியின் தேதியையும் மணியையும் ஒரு பார்வை பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி செத்திருந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் கேம் தன் சர்வரோடு பேசும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது. லாகின் தோற்கும், கேம் மூடிக்கொள்ளும். பேட்டரி கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

அடுத்து ஃபைல் சோதனை. ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பெயர் மேல் ரைட் கிளிக், ‘ப்ராபர்ட்டீஸ்’, ‘இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்’, அதில் ‘வெரிஃபை இன்டெக்ரிட்டி’. அப்டேட் நடுவில் கரண்ட் போயிருந்தால் பாதி எழுதப்பட்ட ஃபைல் இருக்கும். அதை மட்டும் கண்டுபிடித்து இறக்கிக்கொள்ளும். முழு கேமையும் இறக்குவதால் கிடைக்கும் பலன் இதிலேயே சில நூறு எம்பியில் கிடைத்துவிடும். எபிக்கில் கேமின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘மேனேஜ்’ பகுதிக்குப் போனால் இதே வசதி உண்டு.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கெட்டுப்போன ஃபைலைச் சரிசெய்யும். நீங்கள் கூடுதலாகப் போட்டதை அழிக்காது. மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றங்கள்) போட்டு விளையாடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேமில் பல மாட்களுக்கு அடிப்படையான ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணை நிரல், கேமின் குறிப்பிட்ட பதிப்போடு மட்டும்தான் பொருந்தும். கேம் ராத்திரி தானாக அப்டேட் ஆகிவிட்டால், காலையில் எக்ஸ்டெண்டர் வழியாகத் திறக்காது. மாட் ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, வெறும் கேம் திறக்கிறதா என்று பாருங்கள்.

எரர் பெட்டி வந்தால் நல்லதுதான்

எரர் வந்ததும் எரிச்சலில் ஓகே அழுத்தி மூடிவிடாதீர்கள். அதை போனில் படம் எடுத்து வையுங்கள். ஏறக்குறைய பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அடிக்கடி வருவது, ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் (முன்பு சொன்ன துணை லைப்ரரி) இல்லை என்ற செய்தி. பெயரைப் பார்த்தால் எது குறைகிறது என்று சொல்லிவிடலாம். ‘எம்எஸ்விசிபி’ அல்லது ‘விசிரன்டைம்’ என்று தொடங்கினால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு குறைகிறது. பெயரின் இறுதியில் உள்ள எண் பதிப்பைக் காட்டும்: 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013, 140 என்றால் 2015-க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் பொதுவான தொகுப்பு. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இதை எக்ஸ்86, எக்ஸ்64 என்று இரண்டு வடிவில் தருவார்கள். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றாலும் இரண்டையும் போடுங்கள். 32 பிட் கேம் எக்ஸ்86-ஐத்தான் தேடும்.

‘டி3டிஎக்ஸ்9’ என்றோ ‘எக்ஸ்இன்புட்1_3’ என்றோ வந்தால் அது பழைய டைரக்ட்எக்ஸின் (கேமுக்குப் படமும் ஒலியும் தரும் விண்டோஸ் பகுதி) துணை ஃபைல். விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் இந்தத் துணை ஃபைல்கள் அதில் வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம் வேண்டும், 100 எம்பிக்குள்தான். இதில் புதியவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு: இறக்கிய ஃபைலை ஓட்டினால் அது இன்ஸ்டால் ஆவதில்லை, ‘எங்கே பிரித்து வைக்கட்டும்’ என்று கேட்கும். ஒரு காலி ஃபோல்டரைக் காட்டுங்கள். பிரித்து வைத்த பிறகு அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டிஎக்ஸ்செட்அப்’பை ஓட்டினால்தான் வேலை முடியும். ஸ்டீம் பயனர்கள் இறக்காமலேயே பார்க்கலாம்: ஸ்டீம் ஃபோல்டரில் ‘ஸ்டீம்ஆப்ஸ்’, ‘காமன்’, ‘ஸ்டீம்வொர்க்ஸ் ஷேர்ட்’ என்று உள்ளே போனால் இந்த இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

‘எம்எஃப்ப்ளாட்’ குறைகிறது என்றால் உங்களிடம் இருப்பது விண்டோஸின் ‘என்’ பதிப்பாக இருக்கலாம். மீடியா வசதிகள் நீக்கப்பட்ட பதிப்பு அது. செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குப் போய் மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எது குறைந்தாலும், அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள். வைரஸ் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படிப் போடுவதாலேயே வருகிற இன்னொரு எரர் இருக்கிறது, 0எக்ஸ்சி000007பி. 32 பிட் நிரலும் 64 பிட் நிரலும் கலந்துவிட்டன என்பதுதான் அதன் வழக்கமான பொருள். விண்டோஸில் ‘சிஸ்டம்32’ என்ற ஃபோல்டரில் 64 பிட் ஃபைல்களும், ‘சிஸ்வாவ்64’ என்ற ஃபோல்டரில் 32 பிட் ஃபைல்களும் இருக்கும். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். அதனால்தான் கையால் போடுகிறவர்கள் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். போட்டதை எடுத்துவிட்டு, மேலே சொன்ன முழுத் தொகுப்புகளை இன்ஸ்டால் செய்வதே சரியான வழி.

ஒரு செய்தியும் இல்லாமல் மூடிக்கொண்டால்

கேம் வாய் திறக்காவிட்டாலும் விண்டோஸ் குறித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்’. கேமைத் திறந்த அதே நிமிடத்தில் சிவப்புக் குறியோடு, ஈவென்ட் எண் 1000 என்று ஒரு பதிவு இருக்கிறதா பாருங்கள். அதில் இரண்டு வரிகள் போதும்.

ஒன்று ‘ஃபால்ட்டிங் மாட்யூல்’, அதாவது எந்த ஃபைலில் விழுந்தது (கிராஷ் ஆனது) என்பது. பெயர் ‘என்வி’ என்று தொடங்கினால் என்விடியா டிரைவர், ‘ஏடிஐ’ அல்லது ‘ஏஎம்டி’ என்றால் ஏஎம்டி டிரைவர், ‘ஐஜிடி’ என்றால் இன்டெல் கிராபிக்ஸ். அப்போது டிரைவரிலிருந்து தொடங்குங்கள். ‘என்டிடிஎல்எல்’ அல்லது ‘கெர்னல்பேஸ்’ என்று இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. பல நிரல்களும் விழும்போது கடைசியாகக் கடந்து போகும் வாசல் அவை.

இன்னொன்று ‘எக்ஸெப்ஷன் கோட்’. சி0000005 மிகப் பொதுவானது, நினைவகத்தில் தொடக் கூடாத இடத்தைத் தொட்டது என்று பொருள், காரணம் எதுவாகவும் இருக்கலாம். சி000001டி வந்தால் தெளிவான விடை: கேம் கேட்கும் ஒரு கட்டளை உங்கள் பிராசஸருக்குத் தெரியவில்லை. ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பிராசஸர்களில் இது வரும். 2020-இல் வந்த பென்டியம் கோல்டு ஜி6400-இலேயே ஏவிஎக்ஸ் கிடையாது. டிரைவர் மாற்றினாலும் விண்டோஸ் மாற்றினாலும் இது தீராது.

பதிவே இல்லையென்றால், கேம் விழாமல் தானாக மூடியிருக்கலாம், அல்லது ஆன்டிவைரஸ் தடுத்திருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘புரொட்டக்‌ஷன் ஹிஸ்டரி’யைத் திறந்து பாருங்கள். கேமின் ஃபைல் ஏதாவது தனிமைப்படுத்தப்பட்டிருக்கலாம். காசு கொடுத்து முறையான கடையில் வாங்கிய கேம் என்றால் மீட்டெடுத்து, அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். எங்கிருந்தோ இறக்கிய கிராக் பதிப்பில் ஆன்டிவைரஸ் ஒன்றைத் தூக்கியிருந்தால், அது தவறாகத் தூக்கியது என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. அந்தப் பேச்சை இங்கே விட்டுவிடுவோம். அதே செயலியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற வசதியை எப்போதாவது ஆன் செய்திருந்தால், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் சேவ் ஃபைல் எழுத முடியாமல் சில கேம்கள் திறந்தவுடன் மூடும்.

தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு அதிகம் இடமிருக்காது, ஆனால் நமக்கு வரும். விண்டோஸை முதலில் அமைக்கும்போது பயனர் பெயரைத் தமிழில் கொடுத்திருந்தால், சி டிரைவில் உள்ள உங்கள் பயனர் ஃபோல்டரும் தமிழ்ப் பெயரோடு இருக்கும். கேம்கள் செட்டிங்ஸையும் சேவ் ஃபைலையும் அதற்குள்தான் எழுதும். யூனிகோட் பாதைகளைக் கையாளத் தெரியாத கேம்களுக்கு அந்தப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். ஃபோல்டர் கிடைக்காமல் சத்தமின்றி மூடிக்கொள்ளும்.

ஜப்பானிய, ரஷ்ய மொழிக்காரர்களுக்கு இதற்கு ஒரு பழைய வழி உண்டு: சிஸ்டம் லொகேலை (யூனிகோட் தெரியாத மென்பொருள்களுக்கு விண்டோஸ் காட்டும் மொழி) தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்வார்கள். தமிழுக்கு அது பயன்படாது. விண்டோஸில் தமிழ் யூனிகோட் வழியாக மட்டுமே உண்டு, பழைய பாணி கோட் பேஜ் (எழுத்துக் குறியீட்டு அட்டவணை) கிடையாது. அதே லொகேல் பெட்டியில் யுடிஎஃப்-8 என்று ஒரு சோதனை வசதி இருக்கிறது. சில கேம்களுக்கு உதவும், வேறு சில பழைய மென்பொருள்களைக் குழப்பும். கன்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், ஃபோல்டர் மாறாது. சுருக்கமான தீர்வு: ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, இடைவெளி இல்லாமல், புதிதாக ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி அதில் திறந்து பாருங்கள். திறந்தால் பெயர்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கேமை இன்ஸ்டால் செய்யும் ஃபோல்டருக்கும் இதே விதி.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் தன் கைக்குள் எடுத்திருந்தாலும் இதன் தம்பி போல ஒரு சிக்கல் வரும். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் டாக்குமென்ட்ஸ் பேக்கப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கறுப்புத் திரை வந்து மூடினால்

இது பெரும்பாலும் கிராபிக்ஸ் பக்கம். முதலில் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டுங்கள். ‘டிஸ்ப்ளே’ பக்கத்தில் கார்டின் பெயரும் ‘ஃபீச்சர் லெவல்ஸ்’ என்ற வரியும் இருக்கும். கார்டின் பெயருக்குப் பதில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே’ என்று இருந்தால் டிரைவரே இல்லை என்று பொருள்.

மேசைக் கணினி என்றால் மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பின்னால் எட்டிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு இருக்க, மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகி வைத்திருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. லேப்டாப் என்றால் செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே’, ‘கிராபிக்ஸ்’ பகுதியில் கேமின் ஃபைலைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுங்கள். பட்டியலில் சேர்க்க வேண்டியது கேமை, ஸ்டீமை அல்ல.

டிரைவரை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுப்பதைவிட என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களிலிருந்தே எடுங்கள். விண்டோஸ் தருவது சில மாதம் பின்தங்கியிருக்கும். என்விடியாவில் ‘கஸ்டம்’, பிறகு ‘க்ளீன் இன்ஸ்டாலேஷன்’ என்று ஒரு தேர்வு உண்டு, அதை டிக் செய்யுங்கள். டிடியு என்ற மென்பொருளால் டிரைவரை வேரோடு எடுப்பது இதுவும் பலிக்காதபோது செய்ய வேண்டியது. அப்போது சேஃப் மோடில் செய்யுங்கள். நெட் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் புதியதைப் போடும் முன் விண்டோஸ் முந்திக்கொண்டு பழையதைப் போட்டுவிடும்.

டிரைவர் சரியாக இருந்தும் மூடினால் செட்டிங்ஸ் ஃபைலைச் சந்தேகப்படுங்கள். மானிட்டர் மாற்றிய பிறகு, அல்லது டிவியில் இணைத்து விளையாடிய பிறகு, இல்லாத ஒரு ரெசல்யூஷனை கேம் பிடித்துக்கொண்டிருக்கும். அன்ரியல் என்ஜின் கேம்களில் பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’, அதில் ‘லோக்கல்’, கேமின் பெயர், ‘சேவ்டு’, ‘கான்ஃபிக்’ என்று போனால் செட்டிங்ஸ் இருக்கும். கான்ஃபிக் ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். கேம் புதியதை உருவாக்கிக்கொள்ளும். பக்கத்திலேயே உங்கள் சேவ் ஃபைல்கள் இருக்கக்கூடும் என்பதால் ‘சேவ்டு’ ஃபோல்டரை மொத்தமாகத் தொடாதீர்கள். யூனிட்டி கேம்கள் ‘லோக்கல்லோ’ என்ற ஃபோல்டரில் ‘பிளேயர்’ என்ற பெயரில் ஒரு லாக் ஃபைல் வைக்கும். அதன் கடைசி இருபது வரிகளைப் படித்தாலே பல நேரம் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

ஓவர்லேக்களையும் (கேமின் மேல் மிதக்கும் சிறு திரைகள்) அணைத்துப் பாருங்கள். டிஸ்கார்ட், ஸ்டீம், எஃப்பிஎஸ் காட்டும் ரிவாட்யூனர் எல்லாமே கேமின் திரைக்குள் தங்களைச் செருகிக்கொள்பவை.

‘அவுட் ஆஃப் வீடியோ மெமரி’ என்று வந்து, உங்கள் பிராசஸர் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால், கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லும் முன் நிறுத்துங்கள். அந்தத் தலைமுறை மேசைக் கணினி பிராசஸர்களில் அதிக வோல்டேஜால் சிப் நாளடைவில் பழுதாகும் கோளாறு இருந்தது. ஷேடர் (ஒளி, நிழல் வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் கட்டத்தில் அன்ரியல் கேம்கள் விழுவது அதன் தெரிந்த அறிகுறி. இன்டெல் 2024 ஆகஸ்ட் முதல் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் இருக்கும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டது; அவை மதர்போர்டின் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாக வருகின்றன. திருத்தம் மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. இன்டெல் அவற்றுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது.

கணினியே போதாதபோது

மணிக்கணக்கில் போராடும் முன் ஸ்டீம் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தேவையைப் படியுங்கள். வேகம் குறைவது வேறு, திறக்கவே மறுப்பது வேறு. ஜிடிஎக்ஸ் 1080 இன்றும் வேகமான கார்டுதான். ஆனால் 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ ஹார்டுவேர் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கார்டே கணக்கிடும் வசதி) இல்லாமல் ஓடாது. அந்தக் கார்டில் அது இல்லை. செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும் இன்டெல் 4-ஆம் தலைமுறைக் கணினிகளின் உள் கிராபிக்ஸில், பாதுகாப்புக் காரணத்துக்காக இன்டெல் டைரக்ட்எக்ஸ் 12-ஐப் புதிய டிரைவர்களில் நிறுத்திவிட்டது. அதில் கேமுக்கு டைரக்ட்எக்ஸ் 11 வழி இருந்தால் ஸ்டீமின் ‘லாஞ்ச் ஆப்ஷன்ஸ்’ பெட்டியில் ஒரு மைனஸ் குறியும், அதை ஒட்டியபடி டி, எக்ஸ், 11 என்றும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். அன்ரியல் கேம்கள் பலவற்றில் வேலை செய்யும். விண்டோஸ் 7, 8-இல் ஸ்டீமுக்கே 2024 ஜனவரி 1 முதல் ஆதரவு இல்லை.

ஆன்டி சீட் தடுத்தால்

ஆன்டி சீட் என்பது ஆன்லைன் கேமில் ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் நிரல். அது ஈஸி ஆன்டி சீட் என்றால் கேமின் ஃபோல்டருக்குள் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதன் செட்அப்பை ஓட்டி ‘ரிப்பேர்’ கொடுத்தால் பெரும்பாலும் போதும். வேலரண்ட் சிக்கலானது. விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 (கணினியின் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் பயாஸ் வசதி) இரண்டும் இயங்கினால்தான் அதன் ஆன்டி சீட்டான வேன்கார்டு விடும். பேட்டில்ஃபீல்டு 6-உம் செக்யூர் பூட் கேட்கிறது.

பயாஸுக்குள் குதிக்கும் முன், ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பயாஸ் மோட்’ வரியைப் பாருங்கள். ‘யுஇஎஃப்ஐ’ என்றால் செக்யூர் பூட்டை ஆன் செய்யலாம். ‘லெகசி’ என்றால் தொடாதீர்கள்: வட்டு பழைய எம்பிஆர் முறையில் இருக்கும், பயாஸில் மாற்றிய அடுத்த நிமிடம் விண்டோஸே எழாது. முதலில் வட்டை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கும் முன் பேக்கப். பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் லேப்டாப்பில் ரெக்கவரி கீயை எழுதி வைக்காமல் பயாஸில் எதையும் மாற்ற வேண்டாம், அடுத்த பூட்டில் 48 இலக்க எண்ணைக் கேட்கும்.

பழைய சிடி கேம்கள்

2000-களில் வாங்கிய சிடி என்றால் அதில் சேஃப்டிஸ்க் என்ற பாதுகாப்பு இருக்கலாம். விண்டோஸ் 10 வந்தபோதே அதன் டிரைவரை மைக்ரோசாஃப்ட் விட்டுவிட்டது. கம்பாட்டிபிலிட்டி மோடில் (பழைய விண்டோஸ் போல நடிக்கும் வசதி) எத்தனை மாற்றினாலும் ஓடாது. அதே கேம், பழைய கேம்களையும் விற்கும் ஜிஓஜி தளத்தில் இருக்கிறதா என்று தேடுவது மிச்சமான வழி. சேஃப்டிஸ்க் இல்லாதவற்றுக்கு ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் ‘லெகசி காம்பொனென்ட்ஸ்’ கீழே ‘டைரக்ட்பிளே’யை டிக் செய்துவிட்டு முயலுங்கள்.

உதவி கேட்கும்போது

‘கேம் ஓடலை, ஹெல்ப் பண்ணுங்க’ என்று மட்டும் எழுதினால் ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்றுதான் பதில் வரும். டிஎக்ஸ்டயாக் பெட்டியில் ‘சேவ் ஆல் இன்ஃபர்மேஷன்’ கொடுத்தால் வரும் டெக்ஸ்ட் ஃபைல், ஈவென்ட் வியூவரின் அந்த ஒரு பதிவு, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, கடைசியாக எப்போது ஓடியது, அதற்குப் பின் என்ன மாறியது ஆகிய ஐந்தையும் சேர்த்து கேம் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு அனுப்புங்கள். பொது இடத்தில் போடுவதாக இருந்தால் டெக்ஸ்ட் ஃபைலில் உள்ள கணினியின் பெயரையும் உங்கள் பயனர் பெயரையும் முதலில் அழித்துவிடுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்போது நாட்களை எண்ணுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால்தான் ரீஃபண்ட் எளிதாகக் கிடைக்கும். சப்போர்ட் பதில் 13-ஆம் நாள் வரை வராவிட்டால், ரீஃபண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேம் சரியான பிறகு ஆஃபரில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.